வடதீவுக்குப் போகும் கம்பி

மார்ச் 3, காலை 6.10
ஆழ்கடல் சுரங்க நிலையம், தென்கரைக் குடியரசு. பதிவு செய்பவர்: அமலோற்பவம், மின்பொறியாளர். வெளியழுத்தம் இயல்பு. காற்றுச் சுத்திகரிப்பு இயல்பு. இரண்டாம் எண் ஊர்தி கடல்தரையிலிருந்து உலோகக் கட்டிகளை வாரிக்கொண்டிருக்கிறது. மற்ற ஐவரும் பணி முடிந்து தாய்க்கப்பலுக்கு ஏறிவிட்டார்கள். மாற்று ஆட்கள் மாலையில் இறங்குவார்கள். அதுவரை நான் மட்டும்.

மார்ச் 3, மாலை 5.40
யாரும் இறங்கவில்லை. கப்பலில் தூக்குக்கூண்டை இயக்கும் ரொசாரியோ அண்ணன் பேசினார். தொழிற்சங்கச் செயலாளரும் அவர்தான்.
"அமலி, பேங்கெல்லாம் மூடிட்டான். கம்பெனி சம்பளத்துக்குப் பதிலா கூப்பன் குடுக்குது. அதக் கொண்டுபோனா அரிசிக் கடைக்காரன் மூஞ்சியத் திருப்பிக்கிறான். துறைமுகத்துல ஒரு கிரேனும் ஓடல. கப்பல்லயும் வேலைய நிப்பாட்டிட்டோம். ஒன்ன மேல தூக்கிரட்டுமா?"
பம்புகளை யாராவது கவனிக்காவிட்டால் நிலையத்துக்குள் நீர் ஏறிவிடும். "நான் கீழயே இருக்கேண்ணே. ஆனா கட்டி ஒண்ணுகூட மேல வராது" என்றேன்.
ஊர்தியை நிறுத்தினேன். கடலடி இத்தனை அமைதியானது என்று இன்றுதான் தெரிந்தது.

மார்ச் 6, பகல் 1.15
அரசின் வானொலி அறிக்கையைக் கப்பலிலிருந்து அனுப்பினார்கள். நாட்டின் பட்டினிக்கு அண்டை நாடான வடதீவுதான் காரணமாம். நம் கனிமங்களைத் திருடுகிறதாம். இந்த நேரத்தில் வேலைநிறுத்தம் செய்வது தேசத்துரோகமாம்.
துறைமுக வாசலில் நின்ற வேலைநிறுத்தக்காரர்களை அரசுப் படை சுட்டிருக்கிறது. அண்ணனின் மச்சான் சவேரி இறந்துவிட்டார். அண்ணன் அழவில்லை. ஒன்று கேட்டார்: "போன மாசம் வரைக்கும் வடதீவுக்காரனுக்குத்தான இந்தக் கட்டிய வித்தோம். காசு குடுத்து வாங்குனவன் எப்பிடி அமலி திருடனாவான்?"

மார்ச் 7, காலை 9.30
கப்பலைக் கடற்படை எடுத்துக்கொண்டது. ஒலிபெருக்கியில் புதுக் குரல். தளபதி தணிகாசலமாம்.
"மேடம், எல்லைக்கு அந்தப் பக்கம் வடதீவுக்குப் போற மின்கம்பி கிடக்கு. ஊர்திய அனுப்பி அறுத்துடுங்க."
அது அறுந்தால் தீவின் குடிநீர் ஆலை நிற்கும், மருத்துவமனைகள் இருளும். அவர்கள் திருப்பி அடிப்பார்கள். அடித்தார்கள் பார் என்று காட்டி இவர்கள் போரைத் தொடங்குவார்கள்.
"ரொசாரியோ அண்ணன் எங்க?"
"கஸ்டடில. நீங்க ஒத்துழைச்சா அவருக்கும் நல்லது."
"அவருக்கு எது நல்லதுன்னு அவரே சொல்வாரு சார். நான் அறுக்க மாட்டேன்."
"உங்களுக்குக் கரண்ட் எங்கிருந்து வருதுன்னு ஞாபகம் இருக்கா மேடம்?"

மார்ச் 7, பகல் 12.05
மின்சாரத்தை நிறுத்திவிட்டார்கள். எல்லாம் பேட்டரியில். ஊர்தியை மேலிருந்தே ஓட்டப் பார்த்தார்கள். தொலைக்கட்டுப்பாட்டு அட்டையைப் பிடுங்கிவிட்டேன். இனி இங்கிருந்து என் கை மட்டுமே அதை ஓட்டும்.
ஆபத்துக்கால ஒலியலையில் எல்லாக் கப்பல்களுக்கும் நடந்ததைச் சொன்னேன். மூன்று முறை சொன்னேன். வடதீவின் கம்பி பராமரிப்புக் கப்பலிலிருந்து ஒரு பெண் பதில் சொன்னாள்: "கேட்டுச்சு அக்கா. பதிவும் பண்ணிட்டோம். கம்பி அறுந்தா யாரு அறுத்தாங்கன்னு ரெண்டு ஊருக்கும் சொல்லுவோம். நீங்க எப்பிடி மேல வருவீங்க?"
பேட்டரி எத்தனை மணிநேரம் தாங்கும் என்று கணக்குப் போட்டேன்.

மார்ச் 8, காலை 7.20
கப்பலில் இருந்த முதலாம் எண் ஊர்தியை வெட்டுக்கத்தி பொருத்தி இறக்குகிறார்கள். அதன் விளக்கு தெரிகிறது.
மிச்சமிருக்கும் மின்சாரம் ஒன்றுக்குத்தான் போதும்: என் காற்றுக்கு, அல்லது என் ஊர்திக்கு. ஊர்திக்குத் திருப்பிவிட்டேன். சூடாக்கியும் நின்றுவிட்டது. குளிர்தான். பயமும்தான், மறைப்பானேன்.

மார்ச் 8, 8.50
என் ஊர்தியைக் கம்பிக்கு முன்னால் குறுக்கே நிறுத்தினேன். அது முட்டியது. நான் நகரவில்லை. மறுபடி முட்டியது. பின்வாங்காமல் நானும் மோதினேன். சக்கரப் பட்டைகள் ஒன்றில் ஒன்று சிக்கி, இரண்டும் பக்கத்துப் பள்ளத்தில் சரிந்தன. இனி யாராலும் எடுக்க முடியாது.
உணர்கருவி காட்டுகிறது: கம்பியில் மின்சாரம் ஓடுகிறது. தீவில் யாரோ குழாயைத் திறந்து முகம் கழுவிக்கொண்டிருப்பார்கள்.
தளபதி கத்துகிறார். ஒலிபெருக்கியை அணைத்தேன்.

மார்ச் 8
தலைவலி. எழுத்து இரட்டையாகத் தெரிகிறது. பம்பு நின்றுவிட்டது. கணுக்கால் வரை நீர்.
இதைக் கண்டெடுப்பவருக்கு. எதிரி தாக்கி நான் செத்தேன் என்று சொல்வார்கள். என் படத்தைச் சுவரில் ஒட்டி ஆள் சேர்ப்பார்கள். படத்தைக் கிழித்துப் போடுங்கள். எதிரி யாரும் இங்கு வரவில்லை. நான் சாகவும் இல்லை, வேலைநிறுத்தத்தில் இருக்