ஒன்று உடலில், ஒன்று கொடியில்

9 மார்ச் 1997, ஞாயிறு

துணி உலரும் நேரச் சோதனை, மூன்றாம் நாள். ஒன்பது கஜம் பருத்திப் புடவை காலை எட்டு பத்துக்குக் கொடியில் ஏறியது. பதினொன்று நாற்பதுக்கு மடிக்கத்தக்க நிலை. மூன்றரை மணி நேரம். என் வேஷ்டி ஒன்றே முக்கால் மணி. மூன்று நாளும் பத்து நிமிடத்துக்கு மேல் வேறுபாடில்லை.

நீலாம்பாள் மாடிப்படியில் நின்று, "ஏன்னா, புடவைக்குக் காவல் நிக்கறேளா? அது எங்கேயும் ஓடிப்போகாது" என்றாள். சிரிக்கட்டும். மே மாதம் எங்கள் மட்டாஞ்சேரி பிராமண சமூகத்திலிருந்து பத்ரிநாத்துக்குப் பன்னிரண்டு பேர் போகிறோம். டெல்லியின் கொதிப்பும் பத்ரியின் குளிரும் ஒரே பையில் அடங்க வேண்டும். அளக்காமல் முடிவெடுக்க இயலாது.

தலைமை என்னுடையது. நான் டெல்லியில் ஒரு குளிர்காலம் கழித்தவன் என்பதால் என்று காரணம் சொன்னார்கள். அதைப் பற்றி இங்கே எழுத ஒன்றுமில்லை.

10 மார்ச்

வேலைக்குத் துறைமுகத் தீவுக்குப் போகும் போட்டில் ராஜப்பன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கிடங்கில் என் கீழ் வேலை செய்பவர். அவர் தம்பி சிஜு ரியாத்துக்குப் போனபோது என்னென்ன உடுப்பு என்று நான்தான் எழுதிக் கொடுத்தேன். "சாரே, சாரோட லிஸ்ட்டை அங்க அவன் கூட்டாளிமார் எல்லாம் பகர்த்தி எழுதி எடுத்தாங்களாம். டெல்லியில கிடந்த ஆளுன்னா சும்மாவா!"

தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

23 மார்ச், ஞாயிறு

பட்டியலைச் சமூகக் கட்டிடத்தின் பலகையில் ஒட்டினேன். ஒருவருக்கு ஒரு பை, எட்டு கிலோவுக்கு மேற்படாமல். உடை இரண்டு மட்டும்: ஒன்று உடலில், ஒன்று கொடியில். ஸ்வெட்டர் ஒன்று, மஃப்ளர் ஒன்று, காலுறை இரண்டு ஜோடி. கம்பளிப் போர்வை வேண்டாம். விடுதிகளில் கனத்த பஞ்சுப் போர்வை வாடகைக்குக் கிடைக்கும். விதிவிலக்கு எவருக்கும் இல்லை.

"எவருக்கும்" என்பதன் கீழ் கோடிட்டேன்.

4 மே, ஞாயிறு

பைகளை எடை போடும் நாள். கொக்கித் தராசைச் சமூகக் கட்டிடத்து உத்தரத்தில் கட்டினேன். பதினோரு பைகள் வரம்புக்குள் நின்றன. மாயம்மாள் அக்காவின் பை பத்து கிலோ இருநூறு.

மாயம்மாள் அக்காவுக்கு ஐம்பத்தாறு வயது. சமூகத்தின் நைவேத்தியச் சமையல் அவர் கையில்தான். யாத்திரையிலும் எங்கள் பன்னிரண்டு பேருக்கும் அவரே சமைக்கிறார். மடி விஷயத்தில் இம்மியும் விட்டுக்கொடுக்காதவர். குளித்து, துவைத்துக் காய்ந்த புடவையை உடுத்தாமல் அடுப்பைத் தொடமாட்டார். என் பழைய நண்பன் வெங்கிடேஸ்வரனின் தமக்கை.

பையை அங்கேயே மேசைமேல் திறந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். ஒன்பது கஜம் மூன்று. பழுப்பு நிறக் கம்பளி ஒன்று. அதற்கடியில் இருந்த உள்ளுடுப்புகள் எல்லோர் கண்ணிலும் பட்டன. அவர் சட்டென்று முந்தானையை இழுத்து மூடினார். நான் கம்பளியைத் தனியே வைத்தேன்.

"கம்பளி ஒரு ஓரத்துல கெடக்கட்டும், வெங்கிடாசலம். புடவை உணங்கலைன்னா அதைச் சுத்திண்டு அடுப்படியில நிக்கலாம். கம்பளிக்கு விழுப்பு கெடையாது, எப்பவும் மடிதான்."

"அக்கா, நான் சோதித்துப் பார்த்திருக்கிறேன். மூன்றரை மணி நேரத்தில் காய்ந்துவிடும். டெல்லி ஜனவரியையே ஒற்றை ஸ்வெட்டரில் கழித்தவன் நான்."

அவர் என்னைப் பார்த்தார். தேவைக்கு அதிகமாகச் சற்று நேரம். பிறகு மூன்றாவது புடவையையும் தானே எடுத்துக் கம்பளியின்மேல் வைத்தார். "சரி. நீ சொன்னாச் சரி."

ஏழு கிலோ எண்ணூறு. குறித்துக்கொண்டேன்.

10 மே

என் பை ஏழு கிலோ தொள்ளாயிரம். மருந்தும் பயணச்சீட்டுகளும் உள்ள பொதுப் பைக்கு எடை வரம்பு விதிக்கவில்லை. அதன் அடியில் என் கம்பளிச் சால்வையை வைத்திருக்கிறேன். முன்னெச்சரிக்கையாக மட்டும்.

13 மே, டெல்லி

நாற்பத்து மூன்று டிகிரி. பருத்தியே போதும் என்ற என் கணக்கு சரி.

15 மே, ஹரித்வார்

ஒன்பது கஜம் ஐம்பத்தைந்து நிமிடத்தில் உலர்ந்தது! எல்லோரும் பாராட்டினர். மாயம்மாள் அக்கா மட்டும் புடவையை மடித்தபடி, "இங்கே சரி" என்றார்.

18 மே, பத்ரிநாத்

மாலை நான்கு மணிக்கு வந்து சேர்ந்தோம். மலையெல்லாம் பனி. இறங்கியதும் மூச்சுக்குள் ஏதோ நுழைந்து உட்கார்ந்துகொண்டது போல. இது எனக்குத் தெரியாதது. இது எனக்குத் தெரியவே தெரியாதது.

19 மே

கோயிலடி வெந்நீர்க் குளத்தில் எல்லோரும் குளித்தோம். காலை ஆறுக்குக் கொடியில் இட்ட புடவை மாலை ஆறுக்கும் சொட்டுகிறது. வெயில் இல்லை, மூட்டம், நடுநடுவே சாரல்.

நீலாம்பாள், "கடையில அக்காவுக்கு ஒரு கம்பளி வாங்கிடலாமே" என்றாள். பட்டியலில் இல்லாததை ஒருவருக்கு வாங்கினால் பன்னிரண்டு பேரும் கேட்பார்கள் என்றேன். நாளை வெயில் வரும் என்றும் சொன்னேன். எந்த ஆதாரத்தில் சொன்னேன்?

20 மே

வெயில் வரவில்லை. கொடியில் புடவை விறைத்து, தட்டினால் பலகைபோல் ஒலிக்கிறது. அக்கா அதையே எடுத்து உதறி உடுத்தி, ஈரத்தோடு அடுப்படியில் நின்று பன்னிரண்டு பேருக்கு ரசம் சாதம் செய்தார். நேற்று உடுத்தியதோடு சமைக்கலாமே என்று நீலாம்பாள் கெஞ்சியும் கேட்கவில்லை. "சாரமில்லடி, பரவாயில்லை. அடுப்புப் பக்கத்துல நின்னா உணங்கிடும்."

நான் இரண்டாம் முறை ரசம் வாங்கிக் குடித்தேன்.

பொதுப் பை என் தலைமாட்டில்தான் இருக்கிறது. சால்வையை எடுத்துக் கொடுத்தால் அது எங்கிருந்து வந்தது என்று பதினோரு பேரும் கேட்பார்கள்.

21 மே

அக்காவுக்குக் காய்ச்சல். பல் கிட்டுகிறது. விடுதிப் போர்வை மூன்று போர்த்தியும் நடுக்கம் நிற்கவில்லை. கடைசியில் சால்வையை எடுத்துக்கொண்டு போனேன். "இப்போதுதான் கடையில் வாங்கினேன்" என்று நீலாம்பாளிடம் சொன்னேன்.

ஏன் சொன்னேன்? யாரும் கேட்கவில்லையே. யாருமே கேட்கலையே!

22 மே, ஜோஷிமட்

நிமோனியா என்றார்கள். இங்கே ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். டாக்டர் ஈரப் புடவையைச் சுட்டிக்காட்டி, இந்த அம்மாளிடம் கம்பளி எதுவும் இல்லையா என்று இந்தியில் கேட்டார்.

இருந்தது. நான்தான் வெளியே எடுத்து வைத்தேன். ரெண்டு கிலோ நானூறு. அதை மிச்சம் பிடிச்சு நான் என்ன பண்ணினேன்? என்ன மனுஷன் நான்...

அவருக்கு ஏதாவது ஆனால் வெங்கிடேஸ்வரனுக்கு என்னவென்று எழுதுவேன்?

25 மே

காய்ச்சல் இறங்கியது. கஞ்சி குடித்தார். எதிரே உட்கார்ந்திருந்தேன்.

1 ஜூன், மட்டாஞ்சேரி

நேற்று வீடு வந்தோம். அக்கா மூன்றடிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்குகிறார். ஒரு மாதம் அடுப்படிப் பக்கம் போகக்கூடாது என்று டாக்டரின் உத்தரவு. சமூகத்தில் நைவேத்தியத்துக்கு வேறு ஆள் வைத்திருக்கிறார்கள்.

7 ஜூன்

மழை தொடங்கிவிட்டது. முந்தாநாள் துவைத்த என் வேஷ்டி இன்னும் ஈரமாகவே கொடியில் கிடக்கிறது. இங்கேயே, மட்டாஞ்சேரியிலேயே. ஒவ்வொரு ஆண்டும் இதைப் பார்த்துக்கொண்டுதான் ஐம்பது வயதை எட்டியிருக்கிறேன். மார்ச் வெயிலில் மூன்று நாள் அளந்து உலகத்துக்கே சட்டம் எழுதினேன்.

8 ஜூன், ஞாயிறு

சமூகக் கூட்டம். யாத்திரையைத் திறம்பட நடத்தியதற்காக, நோயுற்றவரைத் தக்க நேரத்தில் ஆஸ்பத்திரி சேர்த்ததற்காக, எனக்குப் பாராட்டுத் தீர்மானம். பொன்னாடை போர்த்தினார்கள்.

எழுந்து சொல்லியிருக்க வேண்டும். எழுந்தேன். "நன்றி" என்றேன். உட்கார்ந்துவிட்டேன்.

இருபத்தாறு ஆண்டுகளாக எழுதாததை இங்காவது எழுதுகிறேன். 1971 அக்டோபரில் அலுவலகப் பயிற்சிக்காக டெல்லி போனேன். நான்கு மாதப் பயிற்சி. வெங்கிடேஸ்வரனின் அறையில் தங்கினேன். ஊர் பிடிக்கவில்லை, சாப்பாடு பிடிக்கவில்லை, தினமும் அழுகை. பத்தொன்பதாம் நாள் வயிற்று நோய் என்று எழுதிக் கொடுத்துவிட்டு ரயிலேறினேன். வரும் வழியில் கோயம்புத்தூரில் சித்தப்பா வீட்டில் ஜனவரி முடியும்வரை ஒளிந்திருந்தேன். டெல்லியின் குளிர்காலத்தை நான் பார்த்ததே இல்லை. அந்தப் பத்தொன்பது நாளும் ஃபேன் போட்டுக்கொண்டு தூங்கினேன்.

15 ஜூன், ஞாயிறு

பொன்னாடையைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு மாயம்மாள் அக்கா வீட்டுக்குப் போனேன். மழை. கூடத்தில் நான்கு கொடி கட்டி, எல்லாவற்றிலும் ஈரத்துணி. அதே பழுப்புக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு சாய்வு நாற்காலியில் இருந்தார்.

"அக்கா, ஒன்று சொல்ல வேண்டும். டெல்லியில் நான்..."

"பத்தொம்பது நாள்" என்றார்.

கையிலிருந்த பொட்டலத்தைத் தரையில் வைத்தேன்.

"வெங்கிடேஸ்வரன் அப்பவே லெட்டர் எழுதினானே. 'உங்க வெங்கிடாசலம் அம்மாவை நெனச்சு அழறான், என்னைத் தூங்க விடமாட்டேங்கறான்'னு. எனக்கு நன்னா ஓர்மை இருக்கு."

"அப்படியானால் அன்றைக்குத் தராசடியில்..."

"வாய் வரைக்கும் வந்தது. 'நீ எப்போடா குளிரும் தணுப்பும் பாத்தே'ன்னு." கம்பளியை இழுத்துவிட்டுக்கொண்டார். "எல்லார் முன்னாடியும் என் பையைத் தொறந்தயே, எனக்கு எப்படி இருந்தது தெரியுமோ? அதையே நான் உனக்குப் பண்ணணுமா?"

கொடியிலிருந்து ஒரு சொட்டு என் கையில் விழுந்தது.

"அக்கா, உயிரே போயிருக்கும்."

"போயிருக்கும். அவ்வளவு தணுக்கும்னு எனக்கு மட்டும் தெரியுமா என்ன? நானும் பாத்ததில்லையே. பாத்திருந்தா உன் மானத்தை விட்டுட்டுக் கம்பளியைத்தான் எடுத்திருப்பேன்." இருமினார். இருமல் அடங்க நேரமாயிற்று. "அந்தச் சால்வைக்குத்தான் உன்மேல கோபம். கடையில வாங்கினதாம்! அந்துருண்டை வாசனை மூக்கைத் துளைச்சுது. புதுசுக்கு அந்துருண்டை யார் போடறா? முதல் நாளே குடுத்திருக்கலாம். நான் ஒண்ணும் கேட்டிருக்கமாட்டேன்."

பொன்னாடையை நீட்டினேன். பிரித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "பளபளன்னு இருக்கு. தணுப்புக்கு ஆகாது. கொண்டு போ."

22 ஜூன்

சமூகப் பலகையில் என் பட்டியல் இன்னும் இருக்கிறது. மழை ஈரத்தில் ஒரு மூலை பெயர்ந்து தொங்குகிறது. கழற்றினேன். காரியதரிசி, "அடுத்த வருஷத்துக்கு வேணுமே சார்?" என்றார். இது தவறானது என்றேன். அடக்கம் என்று எண்ணிக்கொண்டு சிரித்தார். "நான் டெல்லிக் குளிரைப் பார்த்ததில்லை" என்றேன். அவர் சிரிப்பு நின்றது. குடையை விரித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

3 ஆகஸ்ட்

அக்கா இன்று சமூக அடுப்படிக்குத் திரும்பினார். உட்கார்ந்தபடிதான் சமையல். மடிக்கோல் தூக்கக் கை ஏறவில்லை என்பதால் புடவையை உயரக் கொடியில் போட நீலாம்பாள் போகிறாள். இனி தினமும் போவாள்.

8 பிப்ரவரி 1998, ஞாயிறு

போன மாதம் ராஜப்பன் வந்திருந்தார். மகள் அம்பிளிக்கு அயர்லாந்தில் நர்ஸ் வேலை. போகும் வழியில் துபாயில் ஒரு நாள் தங்கல். "சாரே, லிஸ்ட்டு?" காரியதரிசியிடம் நான் சொன்னது அவர் காதுக்கும் எட்டியிருக்கும். இருந்தும் கேட்டார்.

அங்கே மூன்று வருடமாக இருக்கும் ஒரு நர்ஸின் முகவரியை அம்பிளியிடமிருந்து வாங்கிக் கேள்விகள் எழுதி அனுப்பியிருந்தேன், பதில் நேற்று வந்தது. அதைப் பார்த்துத்தான் இன்று பட்டியலை எழுதினேன். முதல் வரியாக இதை வைத்தேன்: "இதை எழுதியவர் டெல்லியில் இருந்தது பத்தொன்பது நாள், அக்டோபரில். பத்ரியில் நான்கு நாள். அயர்லாந்தைப் பார்த்ததில்லை." கடைசி வரி: "கம்பளி ஒன்று. இதை எடையில் சேர்க்க வேண்டாம்."

மை காய்வதற்காகச் சாப்பாட்டு மேசைமேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வரும்போது நீலாம்பாள் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்துக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி இருபத்துநான்கு வருடம். இவளிடமும் நான் சொன்னதில்லை. துண்டோடு வாசற்படியில் நின்றேன்.

"பத்தொம்பதா?" என்றாள்.

"ஆம்."

"நான் இருபதுன்னு நெனச்சிண்டிருந்தேன்" என்று சொல்லிவிட்டு, காகிதம் பறக்காமல் இருக்க அதன்மேல் சர்க்கரை டப்பாவை வைத்தாள்.