முறிந்த லிவர்

சோப்புப் போட்டு மூன்று முறை கை கழுவிவிட்டேன். டீசல் வாடை போகவில்லை. வேலை விட்டு வந்து நீங்கள் கழற்றிப் போடும் சட்டையின் வாடை இது. இருந்துவிட்டுப் போகட்டும் என்று எழுத உட்கார்ந்துவிட்டேன்.

சுரங்கத்தில் தண்ணீர் இறைக்கும் மோட்டார் பம்புகளைப் பார்த்துக்கொண்ட கான்ட்ராக்ட் ஆள் நீங்கள். வார லீவில் பரங்கிப்பேட்டை போய், விசைப்படகு எஞ்சினின் டீசல் பம்பைக் கழற்றிக்கொண்டு வருவீர்கள். வடக்குத்தில் நம் வீட்டு அடுப்படியில் அதைப் பிரித்து, கிழிந்த ரப்பர் ஜவ்வை மாற்றி, திரும்பப் பூட்டுவது நான். கொண்டுபோய் மாட்டுவது நீங்கள். பெண்கள் படகில் ஏறக்கூடாது என்பது அங்கே வழக்கம். அதனால் நான் செய்வது அதுவரை யாருக்கும் தெரியாது.

ஒருநாள் உங்களுக்கு ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது. எஞ்சினைக் கையால் சுற்றி, பம்பிலிருந்து நீளும் லிவர் எஞ்சினுக்குள் அழுத்தப்படாமல் தளர்ந்து நிற்கும் இடம் பார்த்துத்தான் போல்ட்டை முடுக்க வேண்டும். நீங்களோ சுரங்கத்து மோட்டார் பம்பைப் பூட்டுகிற பழக்கத்தில் அப்படியே வைத்து முடுக்கிவிட்டீர்கள். லிவர் முறிந்தது. படகுக்காரரிடம், "இந்தவாட்டி மட்டும் பொண்டாட்டி பூட்னா, தப்பாயிடுச்சிங்க" என்றீர்கள். முறிந்த லிவரோடு வந்து அதை என்னிடமே சொல்லிச் சிரித்தீர்கள். நான் சிரிக்கவில்லை. அந்த லிவரை எடுத்து மிளகு டப்பாவில் போட்டுவைத்தேன்.

நீங்கள் கண்ணை மூடி எட்டு மாதம். "ஸ்பானரெல்லாம் எடைக்குப் போட்டுடலாம் அண்ணி, வச்சிகினு இன்னா பண்ணப் போறீங்க" என்றார் உங்கள் தம்பி. முடியாது என்றேன்.

நேற்று அதே படகுக்காரர் மஞ்சள் பையில் பம்போடு வந்தார். வேறு ஆள் கிடைக்கவில்லையாம். அவர் கண்ணெதிரிலேயே பிரித்துச் சரிசெய்தேன்.

"குடும்மா, அங்க யாரையாவது வச்சி மாட்டிக்கிறேன்."

யாரோ அவசரத்தில் முடுக்கி உடைப்பான். பழி மறுபடி இந்த அடுப்படிக்கு வரும். "நானே வந்து மாட்றேங்க. இல்லன்னா பம்பு கெடையாது" என்றேன்.

"பொம்பள படகுல ஏறக்கூடாதும்மா."

"ஏறலன்னா படகு கரையிலயே நிக்குங்க."

இன்று ஏறினேன். கை கொடுக்க ஒருவரும் வரவில்லை, நானும் கேட்கவில்லை. எஞ்சினைச் சுற்றி, லிவர் தளர்ந்ததை விரலால் பார்த்துவிட்டு முடுக்கினேன். டீசலில் குமிழி வருவது நிற்கும்வரை பம்பைக் கையால் அடித்துக் காற்றை வெளியேற்றினேன். இரண்டாம் முறை எஞ்சின் பிடித்துக்கொண்டது.

"நல்லாத்தான் சொல்லிக் குடுத்துட்டுப் போயிருக்காரு" என்றார் படகுக்காரர்.

"அவரு சொல்லிக் குடுக்கலீங்க. அவரு கொண்டாந்த பம்பெல்லாம் நான் பூட்னதுதான். அன்னிக்கு லிவர ஒடச்சதுதான் அவரு." பையில் கொண்டுவந்திருந்த முறிந்த லிவரை எடுத்து அவர் கையில் வைத்தேன். முறிந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அடுத்த படகுக்கு ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னார்.

உங்களைக் காட்டிக்கொடுத்துவிட்டேன். அதில் எனக்கு வருத்தமே இல்லை. கோபமென்றால் வந்து சண்டை போடுங்கள், அதற்காகவாவது வாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமையும் லிவரை எடுத்துக்கொண்டுதான் போவேன். இனி யாருக்கும் காட்டுவதற்காக அல்ல. உங்களை விட்டுவிட்டு நான் மட்டும் பரங்கிப்பேட்டை போனதாக இருக்கக்கூடாது.