மலை தெரியும் அறையில் தலைமாடு

குகநேசன் ஆகிய நான், குவேக்கர்ஸ் ஹில் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இருந்துகொண்டு உமக்கு இதை எழுதுகிறேன். நோக்கம் ஒன்றுதான். நியூசிலாந்தில் எரிமலை பார்க்கப் போய் நாங்கள் தங்கிய அதே விடுதியில் ஓர் அறையை இன்று மாலைக்குள் நான் தெரிவு செய்ய வேண்டும். மனைவியாகிய உம்மிடம் கேட்காமல் அறை எடுத்து எனக்குப் பழக்கமில்லை.

பயணப்பையைத் தூசி தட்டியபோது அதன் பக்கப் பையில் திசைகாட்டி கிடந்தது. பித்தளை மூடி கறுத்துவிட்டது. முள் மட்டும் இன்னும் சரியாக நிற்கிறது. கட்டட வரைபடங்களைச் சரிபார்ப்பது என் உத்தியோகம் என்பதால் அது என் தேவைக்கு என்றே எல்லோரும் நினைத்தார்கள். உண்மையில் உமக்காகத்தான் வாங்கினேன். எந்த ஊரில் எந்த அறைக்குள் நுழைந்தாலும், பையை இறக்குவதற்கு முன்னரே, "இஞ்சருங்கோ, வடக்கு எந்தப் பக்கம்?" என்பீர். கோயிலுக்குப் போகாத வெள்ளிக்கிழமைகள் உமக்கு உண்டு; விரத நாளை மறந்து மீன் சமைத்ததும் உண்டு. வடக்கே தலை வைத்துப் படுப்பதற்கு மட்டும் ஒருநாளும் இணங்கியதில்லை.

அந்த எரிமலை விடுதிக்குத் தெற்கே இருந்தது. முன்பக்க அறையில் கட்டிலில் படுத்தபடியே சிகரத்தைப் பார்க்கலாம் என்றார்கள். நான் அறையின் வரைபடத்தைக் கேட்டு வாங்கி, யன்னலின் அகலம்வரை சரிபார்த்துத்தான் எடுத்தேன். கால் தெற்கே என்றால் தலை வடக்கே என்பது எனக்குத் தோன்றவேயில்லை. கட்டிலோ சுவரோடு பொருத்தப்பட்டிருந்தது. நீர் இரண்டு தலையணைகளையும் தூக்கிக் கால்மாட்டில் போட்டீர்.

"மலையைப் பாக்கத்தானே இவ்வளவு தூரம் வந்தனாங்கள்," என்றேன்.

"பாக்கிறதெண்டால் எழும்பி இருந்து பாருங்கோ. படுக்கிறதெண்டால் ஒழுங்காப் படுங்கோ."

அவ்வாறே எரிமலையின் பக்கம் தலையை வைத்து உறங்கினோம். விடியும் நேரம் நீர் எழுந்து யன்னலோரக் கதிரையில் இருந்தபோது, மேகம் விலகி, சிகரம் முழுதாக, உச்சியில் மெல்லிய புகையோடு நின்றதாம். முதல்நாள் முழுவதும் கார் ஓட்டிய களைப்பில் நான் உறங்கிக் கிடந்தேன். எழுப்ப உமக்கு மனம் வரவில்லை. நான் கண்விழித்தபோது யன்னல் நிறையச் சாம்பல் மேகம். நாங்கள் புறப்படும்வரை அது கலையவில்லை.

"கவலைப்படாதேங்கோ. உங்களுக்கும் சேத்து நான் பாத்திட்டன்," என்றீர். பிறகு, முகத்தைப் பார்த்துவிட்டு, "அடுத்த முறை எழுப்பிவிடுறன்."

அடுத்த முறை வாய்க்கவில்லை. ஆஸ்பத்திரியில் உம்மைக் கிடத்திய கட்டிலைப் பார்த்ததுமே எனக்கு விளங்கிவிட்டது. தலை எந்தப் பக்கம் என்று நீரும் கேட்டீர். "வடக்குத்தான்," என்றேன். தலைமாட்டுச் சுவர் முழுவதும் குழாய்களும் கம்பிகளும்; திருப்ப வழியில்லை என்று தெரிந்தும் தாதியிடம் சொல்ல எழுந்தேன். கையைப் பிடித்து இருத்தினீர்.

"விடுங்கோ. அங்க பாருங்கோ."

யன்னலுக்கு வெளியே, எதிர்க் கட்டடத்தின் கூரையில் ஒரு குழாய் வெள்ளையாக ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

"உங்கட எரிமலை. இந்த முறை ரெண்டுபேருமாப் பாக்கிறம்."

சிரித்தீர், அந்தச் சிரிப்பு இருமலில் போய் நின்றது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீர் போய் ஓராண்டு நிறைந்து, உமது ஆட்டைத்திவசமும் போன மாதம் முடிந்தது. அதுவரை உல்லாசப் பயணம் கூடாது என்பது முறை, கைக்கொண்டேன். இனிப் போகாமலிருக்கச் சொல்ல ஒரு சாட்டும் இல்லை. "எங்கையாவது போட்டு வாங்கோ" என்று மகள் மெல்பேர்னிலிருந்து ஓயாமல் சொல்கிறாள். விடுதியில் மீதமிருப்பவை இரண்டு அறைகள். ஒன்று, அந்த முன்பக்க அறை. மற்றது பக்கவாட்டில், தலைமாடு கிழக்கே, ஆனால் மலையின் ஒரு தோள் மட்டுமே தெரியும்.

"ஃபிரண்ட் ரூமை எடுங்கோ அப்பா. வியூ அங்கதானே," என்றாள் நேற்று.

"கட்டில் வடக்கு, பிள்ளை."

"அம்மாதானே அதெல்லாம் பாக்கிறது. இனி எந்தப் பக்கம் படுத்தால் என்னப்பா?"

அவள் நோகச் சொல்லவில்லை. ஆனாலும் தொலைபேசியை வைத்ததிலிருந்து எழுந்து நடக்கவே அலுப்பாக இருக்கிறது. உண்மைதான், இந்த வீட்டில் இப்போது நான் எந்தப் பக்கமும் தலை வைக்கலாம், தடுப்பார் இல்லை. உறக்கம்தான் எந்தப் பக்கத்திலும் வருவதில்லை.

என் முடிவை அறிவிக்கிறேன். முன்பக்க அறையையே எடுக்கிறேன். இதை முடித்ததும் விடுதிக்கு எழுதுவேன். திசைகாட்டியைப் பையில் வைத்தாயிற்று. அங்கே போய் இரண்டு தலையணைகளையும் கால்மாட்டில் போட்டு, தெற்கே தலை வைத்துப் படுப்பேன். எழுப்ப நீர் இல்லாதபடியால் விடியுமுன் நானே எழும்புவேன். மேகம் விலகினாலும் விலகாவிட்டாலும், உமது கதிரையில் இருந்து பார்ப்பேன்.