மூன்று சிரட்டைகளும் ஒரே மூலையில்

டிசம்பர் 12, வெள்ளி.

ஜும்ஆ முடிந்து தங்கையும் அவள் மாப்பிள்ளையும் சாப்பிட வந்தார்கள். நானும் தங்கையும் குசினியில் நின்ற நேரத்துக்குள் தங்கையின் மாப்பிள்ளை மச்சான் என் மீன் தொட்டிக்குள் முழங்கை வரை கையை விட்டிருக்கிறார்.

குள்ளச் சிக்லிட் மீன்களை ஓர் ஆணும் மூன்று பெண்ணுமாக வளர்ப்பதென்றால், ஒவ்வொரு பெண் மீனுக்கும் முட்டையிடத் தனித் தேங்காய்ச் சிரட்டை வேண்டும். அதுவும் தள்ளித் தள்ளி வைக்க வேண்டும். முட்டையிட்டவள் பக்கத்தில் யாரையும் அண்டவிடமாட்டாள். இந்த மேதை மூன்று சிரட்டைகளையும் எடுத்து ஒரே மூலையில் அடுக்கிவிட்டார்.

"அவன் ஒரு ஆம்பிள, ஏன் ராத்தா மூணு வீட்டுக்கும் அலையணும்? பொஞ்சாதிமார் ஒரு இடத்தில இரிக்கட்டும்," என்றார். சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொண்டார்.

"ஒரு சிரட்டையில முட்டை இரிந்திச்சு மச்சான்."

"அது திரும்பப் போடும்தானே."

சாப்பிட்டு எழும்புவதற்குள் பெண் மீன்கள் ஒன்றின் வாலை ஒன்று கிழித்துவிட்டன. முட்டைகளைக் காணவில்லை. தாயே தின்றிருக்கும். ஆண் மீன் ஃபில்டருக்குப் பின்னால் ஒளிந்துகிடந்தது.

தங்கையைப் பேசி வந்தபோது, மூத்தவளான என்னோடு ஒரே வீட்டில் இருக்க ஏலாது, தனி வீடு, தனி மதில், தனி கேற் வேண்டும் என்று வாப்பாவுக்குச் சொல்லியனுப்பியவர் இவர்தான். பக்கத்து வளவில் அந்த வீட்டுக்குக் கூரை ஏறும்வரை நிக்காஹ்வுக்கு நாள் வைக்கவிடவில்லை.

நான் ஈரக் கையோடு சிரட்டைகளைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தேன். "மீனுக்கெல்லாம் தனி வீடா ராத்தா" என்று கேட்டுக்கொண்டே போய், தன் கேற்றை மூடிக்கொண்டார்.