விட்டுப்போன ள்

மார்ச் 4, செவ்வாய்

காலில் மாவுக்கட்டு. குழாய் ரிப்பேருக்கு ஊரெல்லாம் ஏணி ஏறியவன், சொந்த வீட்டு மிதியடியில் வழுக்கி விழுந்தேன். அசையாமல் இருக்க வேண்டுமாம். "அது இவருக்குக் கைவந்த கலை டாக்டர்" என்றாள் மனைவி.

மார்ச் 6, வியாழன்

மகள் கம்பெனியில் கடைக்காரர்கள் கணக்கு வைத்துக்கொள்ள ஒரு மென்பொருள் செய்கிறார்கள். அதைப் பயன்படுத்தும் விதத்தைத் தமிழில் எழுதுவது அவள் பொறுப்பு. இது நன்றாக வந்தால்தான் வேலை நிரந்தரம்.

"சும்மாதானே படுத்திருக்கீங்க, எழுத்துப்பிழை மட்டும் பாருங்கப்பா" என்று மடிக்கணினியை மடியில் வைத்தாள்.

"தமிழ்ல ரெண்டு தடவ பெயிலானவர்டி இவரு" — மனைவி.

"மத்தவங்களவிட ரெண்டு தடவ கூடப் படிச்சிருக்கேன்" என்றேன்.

மார்ச் 7, வெள்ளி

குப்பைத் தொட்டிப் படத்துக்குக் கீழே 'அளிக்கவும்' என்று இருந்தது. குப்பையை யாருக்கு அளிப்பது? 'அழிக்கவும்' ஆக்கினேன். நடக்க முடியாவிட்டாலும் உட்காரும் தோரணையே மாறிவிட்டது.

"புலவரே, காலத் தூக்குங்க, பெருக்கணும்" என்றாள் மனைவி.

மார்ச் 10, திங்கள்

பெரிய பிழை சிக்கியது! பக்கத்துக்குப் பக்கம் 'கடவுச்சொல்'. ள் விட்டுப்போயிருக்கிறது. கடவுளையே அரைகுறையாக எழுதினால் தொழில் உருப்படுமா? எல்லாவற்றையும் ஒரே தட்டில் 'கடவுள் சொல்' ஆக்கினேன். கணக்கைத் திறக்கும் முன் கடவுளை நினைக்கச் சொல்கிறார்கள். நல்ல கம்பெனி.

மார்ச் 12, புதன்

நான் திருத்திய விளக்கம் வெளியாகிவிட்டது. அந்தப் பெருமைக்கு இரண்டு இட்லி கூடக் கிடைத்தது என்று எழுத ஆசைதான். கேட்டது காபி, கிடைத்தது முறைப்பு.

மார்ச் 13, வியாழன்

போச்சு.

மகள் போனில் வாசிக்கிறாள்: "'உங்கள் கடவுள் சொல்லை யாரிடமும் சொல்லாதீர்கள்.' 'கடவுள் சொல்லை மறந்துவிட்டீர்களா? இங்கே தட்டவும்.' என்னப்பா இது?"

கடவு என்றால் நுழையும் வழியாம். அதில் நுழைய ஒரு ரகசியச் சொல்லாம். கடைக்காரர் ஒருவர் கூப்பிட்டு, "எந்தக் கடவுள்னு போடலையே" என்று கேட்டாராம்.

நாளை மேலாளர் அவளை வரச் சொல்லியிருக்கிறார். மனைவி நான் கேட்காமலேயே காபி கொண்டுவந்து வைத்தாள். அதுதான் பயமாக இருக்கிறது. பிள்ள வேலைக்கே உலை வெச்சிட்டேனே — தெரியலன்னா கேட்டிருக்கலாம்ல? வாயில என்ன, அதுக்கும் மாவுக்கட்டா?

மார்ச் 14, வெள்ளி

யார் செய்தது என்று மேலாளர் கேட்டிருக்கிறார். "எங்கப்பா" என்றாளாம். அவர் சிரித்து முடிக்கவே நேரமானதாம். அப்புறம், "நம்ம கடைக்காரங்களும் உங்கப்பா மாதிரிதாம்மா. அவருக்குப் புரியலன்னா யாருக்கு எழுதுறோம்?" என்று, எல்லாவற்றையும் இன்னும் எளிமையாக எழுதச் சொல்லி அவளிடமே கொடுத்துவிட்டாராம்.

வீட்டுக்கு வந்ததும் எனக்குச் சட்டம் போட்டாள்: "இனி நீங்க ஒரு புள்ளிகூட வைக்கக் கூடாது. எது புரியலன்னு மட்டும் சொல்லுங்க."

புரியாமல் இருப்பதில் எனக்கு என் வயது அளவுக்கு அனுபவம் உண்டு.

மார்ச் 17, திங்கள்

'ஒத்திசைவு' புரியவில்லை என்றேன். மகள் யோசித்தாள். அவளுக்கும் புரியவில்லையாம்.

ஏப்ரல் 2, புதன்

மகளுக்கு வேலை நிரந்தரம். இப்போது அவளுடைய பக்கத்து மேசைக்காரர் எழுதியதையும் எனக்கு அனுப்புகிறார்கள். இன்று வந்ததை முழுதாகப் படித்தேன். ஒரு வரிகூடப் புரியவில்லை என்றேன். ஆபீஸில் என்னை மிகவும் பாராட்டினார்களாம்.