செல்லனின் இரண்டாவது நெகட்டிவ்

அரூர்
14-9-1986

அன்பு மகன் சலாவுதீனுக்கு,

செல்லன் முகத்தில் இருந்த காயத்தை அழித்தது நீதான். இதை எழுதிவிட்டுத்தான் எனக்கு ஸலாம் சொல்லவே வருகிறது. அஸ்ஸலாமு அலைக்கும். நானும் உன் அத்தாவும் தங்கச்சி நசீம் பானுவும் அல்லாஹ் கிருபையால் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் ஷார்ஜாவில் அப்படியே இருக்க துஆ செய்கிறேன். மனசுதான் ஓரிடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது.

இரண்டு கடிதம் போட்டேன். பதிலில் அந்த ஊர் வெயிலைப் பற்றி எழுதினாய், பானுவுக்கு வாங்கிய வாட்சைப் பற்றி எழுதினாய், செல்லனைப் பற்றி ஒரு வரி இல்லை. மறந்துவிட்டாயோ என்று மறுபடி எழுதுகிறேன். பிப்ரவரியில் சித்தேரி மலையிலிருந்து சின்னபொண்ணு தன் புருஷன் செல்லனைக் கைத்தாங்கலாக நம் ஸ்டூடியோவுக்குக் கூட்டிவந்தாள். பொறுக்கிப் போட்ட கடுக்காய் எடை எப்படிக் குறையும் என்று கேட்டதற்குக் காட்டுக் குத்தகைக்காரரின் ஆட்கள் அடித்திருந்தார்கள். புருவத்திலிருந்து கன்னம் வரை கிழிந்து, அந்தப் பக்கம் முழுக்கக் கன்றிக் கிடந்தது. பச்சிலை வைத்துக் கட்டியதோடு சரி, ஆஸ்பத்திரிச் சீட்டு கிடையாது, அதனால் போட்டோ எடுத்துவரச் சொல்லி வக்கீல் அனுப்பியிருந்தார். உன் அத்தா கடத்தூருக்குக் கல்யாணப் படம் எடுக்கப் போயிருந்தார், நீ எடுத்தாய். கண் மூடிவிட்டால் இன்னொன்று இருக்கட்டும் என்று அத்தா பழக்கிய மாதிரியே இரண்டு எடுத்தாய். அடுக்களைக்குப் பக்கத்து அறையில் ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டி, சிவப்பு பல்பில் நீ பிரிண்ட் போட்டாய், நான் கழுவிக் காயப்போட்டேன். காகிதத்தில் கறை இருக்கிறதா என்று பார்த்தேனே தவிர முகத்தைப் பார்க்கவில்லை. அந்தத் தப்பு என்னுடையது.

உனக்குக் கெட்ட எண்ணம் இல்லை, தெரியும். கல்யாணப் பெண் முகத்தில் பரு இருந்தால் எடு, மாப்பிள்ளை கறுப்பு என்றால் ஒரு படி வெளுப்பாக்கு என்றுதானே இத்தனை வருஷம் இந்த வீட்டில் வேலை நடக்கிறது. கை தானாக நெகட்டிவில் தீட்டும் பென்சிலுக்குப் போயிருக்கும். பென்சில் மட்டும் என்றால் நானே பஞ்சால் துடைத்து எடுத்திருப்பேன். வீக்கத்தின் மினுமினுப்பை நெகட்டிவிலேயே பிளேடால் சுரண்டியிருக்கிறாய், சுரண்டியது திரும்ப வராது. படத்தைக் கையில் வாங்கியதும் சின்னபொண்ணு, "ஏம்மா, கண்ணாலத்தன்னிக்கி இருந்த மொகமாட்டம் இருக்குதுங்களே" என்று சிரித்தாள். பாவம், அவளுக்கு அது பிடித்திருந்தது. வக்கீலும் உறையைப் பிரிக்காமலேயே கேஸ் கட்டில் சேர்த்துவிட்டார். ஜூலையில் கோர்ட்டில் குத்தகைக்காரரின் வக்கீல் அதைத் தூக்கிக் காட்டி, "பொண்ணு பாக்கப் போற மாப்பிள்ளையாட்டம் இருக்கான், இவனையா அடிச்சாங்க?" என்றாராம். எல்லாரும் சிரித்தார்களாம். செல்லன் கன்னத்தைத் தொட்டுத் தொட்டுக் காட்டியிருக்கிறான், ஆறிப்போன தழும்பை யார் பார்த்தார்கள்? இப்போது பொய் வழக்கு என்று அவன் மேலேயே திருப்பப் பார்க்கிறார்கள். கடுக்காய் பொறுக்க மலையில் அவனைச் சேர்ப்பதில்லை.

உன் அத்தா என்னைத் திட்டுகிறார். "மலைக்காரங்க கேஸு நமக்கு எதுக்குடி, நாளைக்கு குத்தகைக்காரரு வூட்டுக் கண்ணாலத்துக்கு வேற ஸ்டூடியோவக் கூப்புட்டா நீயா போய் நிப்ப?" என்கிறார். ஊரில் பெரிய மனுஷன் வீட்டு ஆல்பம் எல்லாம் நம் வீட்டுத் தண்ணீரில் கழுவியதுதான். அவர்கள் முகத்துக்கு வேண்டியதைச் சேர்த்து, வேண்டாததை எடுத்துக் கொடுத்தே இந்தக் கை பழகிவிட்டது. ஒரு ஏழைக்கு உள்ளதை உள்ளபடி ஒரே ஒரு படம் போட்டுக் கொடுக்க நமக்குத் துப்பில்லை. இதை அவரிடமும் சொல்லிவிட்டேன். இரண்டு நாள் பேசவில்லை, பேசாவிட்டால் போகட்டும்.

அந்த இரண்டாவது நெகட்டிவ் உன்னிடம் இருக்கிறது. கை வைக்காத செல்லன் படத்தையும் கை வைத்த படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிக் காட்டித்தான் அங்கே ஸ்டூடியோவில் வேலை கிடைத்தது என்று நீயே எழுதினாய். முதலாளி அதைக் கடை வாசலில் கண்ணாடிக்குள் வைத்திருப்பதாகப் பெருமையாக எழுதினாய். செல்லன் ரத்தம் உனக்கு சாம்பிள் ஆகிவிட்டது. அக்டோபர் 20 மறுபடி கேஸ். நெகட்டிவும் அந்த இரண்டு பிரிண்டும் வேண்டும், நான்தான் அழித்தேன் என்று உன் கைப்பட ஒரு காகிதமும் வேண்டும் என்கிறார் வக்கீல். எழுதினால் முதலாளி கேள்வி கேட்பார், வேலைக்கு ஆபத்து வரலாம். தெரிந்துதான் கேட்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடு. மருந்துத் தண்ணீரில் வெறுங்கையை விடாதே, பானுவுக்கு இப்போதே விரல் நுனி பழுப்பேறிவிட்டது, நீ விட்டுப்போன வேலையை அவள்தான் செய்கிறாள். தொழுகையை விடாதே. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் நல்ல புத்தியையும் தரட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா
ஹாஜிரா

சின்னபொண்ணு சந்தை நாளில் எல்லாம் வந்து, "தம்பி கடுதாசி வந்துச்சுங்களா" என்று வாசலிலேயே நின்று கேட்டுவிட்டுப் போகிறாள். வெயில் எப்படி என்று எனக்கு எழுத வேண்டாம். ரிஜிஸ்டர் தபாலில் அந்த முகத்தை அனுப்பு.