தாய்மாமன் இடத்தில் தபாலாபீஸ்

பண்ணைப்புரம்
யுவ வருஷம் மாசி மாதம்

சிரஞ்சீவி கர்ணனுக்கு உன் அய்யா முத்துவீரன் ஆசீர்வதித்து எழுதுவது. நானும் உன் ஆத்தாளும் ஆடு மாடுகளும் குலசாமி புண்ணியத்தில் சௌக்கியம், அங்கே நீ எப்படி இருக்கிறாய் என்று உன் கடிதத்தில் ஒரு வரி இல்லை, நீ வேலை பார்க்கிற பட்டணத்துப் பெரிய தபாலாபீஸ் சௌக்கியமாக இருப்பது மட்டும் நன்றாகத் தெரிந்தது. கும்பெனி காலத்தில் கோட்டைக்குள் இருந்ததாம், பிறகு பிராட்வேக்குப் போனதாம், ஆயிரத்து எண்ணூற்று எண்பத்து நாலில் கடற்கரை ஓரம் சிவப்புச் செங்கல்லில் ரெட்டைக் கோபுரத்தோடு குடியேறியதாம், நடுக்கூடத்தில் நின்று அண்ணாந்தால் கழுத்து வலிக்குமாம். நீ பிறந்த வீட்டுக்கு எந்த வருஷம் ஓடு போட்டோம் என்று கேட்டால் உனக்குச் சொல்லத் தெரியுமா. அந்தக் கோபுரத்துத் தொப்பியையும் நீ அனுப்பிய படக் கார்டில் பார்த்தேன், குமுளி மலை ஏறினால் மலையாளத்து வீட்டுக்கெல்லாம் அதே மாதிரிக் கூரைதான், அதற்கு ஏன் பட்டணம் போக வேண்டும்.

எனக்குப் பொறாமைதான், ஒளிப்பானேன். பெற்ற பிள்ளையைப் பிடித்து வைத்துக்கொண்டது என்று ஒரு கட்டிடத்தின் மேல் வயிறு எரிகிறவன் இந்தப் பக்கத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். வேண்டுமென்றே உத்தமபாளையம் தபாலாபீசைப் போய்ப் பார்த்தேன், ஓட்டு வீடு, ஒரே ஜன்னல், கோபுரம் கீபுரம் கிடையாது, ஆனால் அங்கே உட்கார்ந்திருக்கிறவர் மத்தியானம் வீட்டுக்குப் போய்ச் சோறு தின்கிறார்.

உன் தங்கை ராஜாத்தியின் மகளுக்குக் காதுகுத்து வைத்திருப்பதை ஒரு மாதம் முன்னாலேயே எழுதினேன். நீயோ, யாரோ துரை கட்டிடத்தைப் படம் வரைய வருகிறார், என்னையும் கோபுரத்து உச்சிக்குக் கூட்டிப் போவதாகச் சொல்லியிருக்கிறார், அதனால் சுருளியாண்டி மடியில் வைத்துக் குத்திவிடுங்கள் என்று எழுதிவிட்டாய். அவனும் உன் பெரியப்பன் மகன்தான், சரி என்றேன். வராத தாய்மாமனுடைய துண்டை மடியில் விரித்து அதன் மேல் பிள்ளையை உட்கார வைப்பது நம் வழக்கம் அல்லவா, வீடெல்லாம் தேடினோம், உன் துணி ஒன்று இல்லை, எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போயிருக்கிறாய். கடைசியில் உன் ஆத்தாள் படக் கார்டை எடுத்து, மாமன் கை பட்டது இந்த ஒண்ணுதான் இருக்கு, இதையே வைப்போம் என்று முந்தியில் முடிந்துகொண்டாள். வீரபாண்டிக் கோயிலில் சுருளியாண்டி மடியில் உன் தபாலாபீசை வைத்து, அதன் மேல் என் பேத்தியை உட்கார வைத்தார்கள். ஆசாரி ஒரு காதைக் குத்தினார், பிள்ளை வீறிட்டது, அந்த நேரம் பார்த்து சம்பந்தி வீட்டு அம்மாள் ஒருத்தி, மாமன் வீடு என்னமோ அரமணையாத்தான் இருக்கு, ஆளைத்தான் காணோம் என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். ராஜாத்தி மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள்.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ, ஆசாரி கையைப் பிடித்துவிட்டேன். மறுகாது தாய்மாமன் மடியில்தான், செங்கல் மடியில் இல்லை என்று சொல்லிவிட்டேன். சம்பந்தியும் விடவில்லை, அப்ப ரெண்டு காதும் குத்துன பெறகே தாயும் பிள்ளையும் எங்க கெங்குவார்பட்டிக்கு வரட்டும் என்று சொல்லி வண்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டார். உன் தங்கை இப்போது இங்கேதான் இருக்கிறாள், பிள்ளை ஒற்றைக் காதில் கம்மலோடு தெருவில் விளையாடுகிறது, பார்க்கிறவர்கள் கேட்கிறார்கள். நான் செய்தது தப்பு என்று உன் ஆத்தாள் சொல்கிறாள், நான் ஒப்புக்கொள்ளவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள், சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி, தீர்க்காயுசாக இரு. வருகிற நாளை மட்டும் ஒரு கார்டில் எழுது, தேனி ஸ்டேஷனில் வண்டியோடு நிற்கிறேன். அண்ணன் கட்டாயம் வருவான் என்று ராஜாத்தியிடம் அடித்துச் சொல்லியிருக்கிறேன். கோயிலிலிருந்து வந்த பிறகு என்னோடு பேசாதவள் நேற்றுத்தான் வாய் திறந்தாள். அண்ணன் எழுதுனாகளா அய்யா, இல்ல நீங்களாச் சொல்றீகளா என்று கேட்டாள். நான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டேன்.

இப்படிக்கு,
உன் அய்யா
முத்துவீரன்